மரபணு வரிசையால் நன்னீர் மீன்களின் உறவை அறிதல்: ஜுரு ஆற்று விராலை முன்வைத்து

நன்னீர் மீன்களின் உறவுமுறை ஆறுகளின் வரலாற்றோடு பிணைந்தது. கடல் மீனின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போய்ச் சேரும். ஆற்று மீனுக்கோ ஒரு புறம் உப்புநீர் தடை, மறுபுறம் மலைமுகடு தடை. ஓர் ஆற்றில் அடைபட்ட கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெருகுகிறது. அதன் டிஎன்ஏவில் நேரும் சிறு மாற்றங்கள் அந்தக் கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த ஆற்றில் வேறு மாற்றங்கள் தங்குகின்றன. இரண்டு ஆற்று மீன்களின் டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் அவை எவ்வளவு நெருக்கமானவை, எந்த வழியில் பிரிந்தவை என்று கணிக்க முடிகிறது.

இந்த அத்தியாயம் அந்த வேலையை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மீனைக் கொண்டு விளக்குகிறது. மீன், மலேசியாவில் ஹாருவான் என்று அழைக்கப்படும் விரால். அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரயேட்டா. இடம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள ஜுரு ஆற்றுப் படுகை.

வரிசை எதைக் காட்டுகிறது

டிஎன்ஏ நான்கு எழுத்துகளால் ஆனது: ஏ, டி, ஜி, சி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பிரதி எடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. மாறிய எழுத்து அதன்பின் வரும் சந்ததிக்கெல்லாம் போகிறது.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் கையாளும் தருக்கமே இங்கும் பயன்படுகிறது. இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்ளலாம். சரியான பழைய பாடம் இரண்டிலும் இருப்பது உறவுக்குச் சான்றாகாது. அது எல்லாப் பிரதிகளிலும் இருக்கக்கூடியது. மீனிலும் அப்படித்தான். இரண்டு கூட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் புதிய மாற்றமே அவற்றை ஒரு கிளையில் சேர்க்கும். எது பழையது, எது புதியது என்று அறிய, ஆய்வுக்குரிய கூட்டத்துக்கு வெளியே நிற்கும் மீன் ஒன்று தேவை. அதற்குப் புறக்குழு என்று பெயர்.

உறவு ஆய்வில் முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ. மீன்களில் இது ஏறத்தாழ 16,500 எழுத்து நீளமுள்ள வளையம். அதில் 37 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால் சிறு திசுவிலிருந்தும் கிடைக்கிறது. வேகமாக மாறுவதால் அண்மையில் பிரிந்த கூட்டங்களையும் பிரித்துக் காட்டுகிறது. தாயிடமிருந்து மட்டுமே வருவதால் கலப்பின்றி ஒரே வழியாகப் பின்னோக்கிச் செல்ல முடிகிறது. இந்தக் கடைசிக் குணமே அதன் பெரிய குறையும் ஆகிறது; அது பின்னால் விளக்கப்படுகிறது.

எந்த மரபணு என்பது கேள்வியைப் பொறுத்தது. இனத்தை அடையாளம் காண சிஓ1 என்ற மரபணு உலகெங்கும் பொது அளவாகிவிட்டது. பால் ஹீபெர்ட் 2003இல் முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறை இதன்மேல் நிற்கிறது. ஒரே இனத்தின் கூட்டங்களை ஒப்பிட என்டி5, சைட்டோகுரோம் பி போன்றவை ஏற்றவை. குடும்பங்கள், பேரினங்கள் இடையிலான பழைய உறவுக்கு மெதுவாக மாறும் 16எஸ் மரபணுவும், செல்லின் உட்கருவில் உள்ள ராக்1, ராக்2, ரோடாப்சின் முதலியவையும் உதவும்.

கேள்வியை வகுத்தல்

மீனைப் பிடிக்கும் முன்பே கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். "ஜுரு விராலின் மரபணுவை ஆராய்தல்" என்பது கேள்வியாகாது. "ஜுரு விரால் மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்கு மரபுவழியைச் சேர்ந்ததா, வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டதா?" என்பது கேள்வி. இதற்குத் திட்டவட்டமான விடை சொல்ல முடியும்.

இப்படிக் கேட்க அடிப்படை உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சித்தி அஸிஸா முகமட் நோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 24 இடங்களில் பிடித்த 280 விரால்களின் என்டி5 மரபணுவை ஒப்பிட்டது. 280 மீன்களில் கிடைத்த வேறுபட்ட வரிசைகள் 27. இப்படி ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடும் வரிசை ஒவ்வொன்றையும் ஹாப்லோடைப் என்பர். அந்த 27உம் மூன்று மரபுவழிகளாகப் பிரிந்தன. முதலாவது, தீபகற்பத்தின் வடமேற்கு. இரண்டாவது, தீபகற்பத்தின் தெற்கும் கிழக்கும், அவற்றோடு சுமத்ராவும் மேற்குச் சரவாக்கும். மூன்றாவது, தீபகற்பத்தின் நடு மேற்கும், மேற்குச் சரவாக் நீங்கலான மலேசிய போர்னியோவும்.

இந்த மூன்றில் இரண்டாவது, கடலுக்கு இருபுறமும் உள்ள மீன்களை ஒன்றாக்குகிறது. அதற்கு விளக்கம் பழைய ஆறுகளில் உள்ளது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் சுண்டாலாந்து என்ற ஒரே நிலமாக இணைந்திருந்தன. இன்று தென்சீனக் கடலுக்கு அடியில் கிடக்கும் நிலத்தில் ஆறுகள் ஓடி, இரு கரை ஆறுகளையும் இணைத்தன. விரால் அந்த வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல் பரவியிருப்பதை ஹாப்லோடைப்கள் காட்டின. மூன்றாவது மரபுவழிக்கு அத்தகைய பழைய ஆற்றிணைப்பு பொருந்தவில்லை. நடு மேற்கும் போர்னியோவும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு மனிதர் மீனைக் கொண்டுசென்றதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஆகவே ஜுருவில் எடுக்கும் மாதிரி முதல் மரபுவழியில் விழுந்தால் அது எதிர்பார்த்த முடிவு. மூன்றாவதில் விழுந்தால் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பியதோ, ஆற்றில் விடப்பட்டதோ என்ற ஐயம் எழும். இரண்டும் கலந்து கிடைத்தால் உள்ளூர்க் கூட்டமும் வந்த கூட்டமும் இனம் கலக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. கேள்வியை இப்படி வகுத்தால் எந்த விடை வந்தாலும் அது பயன்படும்.

இடத்தைத் தேர்தல்

ஜுரு படுகை சிறியது; ஆனால் அதன் நீர் ஒரே தன்மையுடையதன்று. புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்திலிருந்து வரும் செருக் தோக் கூன் ஓடை ஒப்பீட்டளவில் தூயது. பாசிர், பெர்மாத்தாங் ராவா, கிலாங் ஊபி ஓடைகள் குடியிருப்பும் தொழிற்சாலையும் வயலும் உள்ள பகுதிகள் வழியே வந்து முதன்மை ஆற்றில் சேர்கின்றன. ஆறு குவாலா ஜுருவில் மலாக்கா நீரிணையை அடைகிறது. பிறை தொழிற்பேட்டை எழுந்தபின் 1970களில் இந்த ஆறு கெட்டதும், குவாலா ஜுரு மீனவர்களின் குறையைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எடுத்துப் பேசியதும் மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றின் பகுதி.

மாசுபட்ட ஆற்றில் விராலைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. விரால் காற்றையும் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும், லொங்காங் எனப்படும் வடிகாலிலும் வயல் வாய்க்காலிலும் உயிரோடிருக்கும். ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். ஆகவே படுகையின் எல்லாக் கிளைகளிலிருந்தும் மாதிரி எடுக்க வாய்ப்புள்ள மீன் இது. அறுவைச் சிகிச்சைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பின் ஹாருவான் சூப் கொடுக்கும் வழக்கம் மலேசியாவில் பரவலாக இருப்பதால் சந்தை மதிப்பும் உண்டு. அந்த மதிப்பே மீன் ஊர்விட்டு ஊர் போகவும் காரணம். இதனால் சந்தையில் வாங்கிய மீனை இடம் சார்ந்த ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. விற்பவர் நேர்மையாகச் சொன்னாலும், மீன் எந்த ஆற்றில் பிறந்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒவ்வோர் ஓடையிலும் குறைந்தது பத்து மீனாவது எடுப்பது நல்லது. இருபது என்றால் அரிய ஹாப்லோடைப்பும் கிடைக்கும். ஆற்று முகத்துக்கு அருகே ஓதநீர் ஏறும் பகுதியை விட்டு, நன்னீர் நிலையாக உள்ள பகுதியில் பிடிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விரால் தன் குஞ்சுகளைக் காவல்காக்கும் மீன். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் மிதந்து வரும். தாயும் தந்தையும் அடியில் இருக்கும். வலையை ஒருமுறை வீசினால் ஐம்பது குஞ்சு கிடைக்கும். அந்த ஐம்பதும் ஒரே தாயின் பிள்ளைகள்; ஐம்பதுக்கும் மைட்டோகாண்ட்ரியா வரிசை ஒன்றே. அட்டவணையில் அது ஐம்பது மீனாகத் தெரிந்தாலும் சான்று ஒன்றுதான். ஆகவே ஒரு திரளிலிருந்து ஒரு குஞ்சுக்கு மேல் எடுக்கக் கூடாது. வளர்ந்த மீன்களை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பிடிப்பதே சரி.

அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும். உள்நாட்டு நீர்நிலை மீன் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. மீன்வளத் துறையின் மாநில அலுவலகத்தில் விசாரிப்பது முதற்படி. உயிரியல் வளங்களை ஆய்வுக்கு எடுப்பதையும் அதன் பலனைப் பகிர்வதையும் நெறிப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியாவில் 2020 டிசம்பர் 18இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மயச் சட்டம் இதே பொருளைப் பற்றியது. திசுவை வேறு நாட்டுக்கு அனுப்பி வரிசைப்படுத்த நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

திசு எடுத்தல்

பிடித்த மீனை முதலில் படம் எடுக்க வேண்டும்: இடப்பக்கம் முழுதாக, துடுப்புகள் விரிந்தபடி, பக்கத்தில் அளவுகோலுடன். நிறம் சில நிமிடங்களில் மாறத் தொடங்கும்.

பிறகு துடுப்பின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் அளவு கத்தரித்தால் போதும். மீனை உயிரோடு விட்டுவிடலாம்; துடுப்பு வளர்ந்துவிடும். துண்டை 95 விழுக்காடு எத்தனால் உள்ள சிறு குழாயில் இட வேண்டும். எத்தனாலின் அளவு திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். மறுநாள் பழைய எத்தனாலைக் கொட்டிப் புதிது ஊற்றினால், திசுவிலிருந்து வெளியேறிய நீர் போய்விடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கத்தரிக்கோலைத் துடைத்து, எத்தனாலில் நனைத்து, தீயில் காட்ட வேண்டும். இல்லையெனில் முந்திய மீனின் டிஎன்ஏ அடுத்த குழாய்க்குப் போய்விடும்.

குழாயின் வெளியே மார்க்கரால் எழுதிய எண் எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய சிறு காகிதத்தைக் குழாயின் உள்ளே போடுவதே பாதுகாப்பு. எண், நாள், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, பிடித்த விதம் ஆகியவற்றைக் களக் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு மீனையாவது முழுதாகப் பாதுகாக்க வேண்டும். இது சான்று மாதிரி. திசு எடுத்த பின்னரே அதை 10 விழுக்காடு ஃபார்மலினில் இட வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பிறகு 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றி, ஓர் அருங்காட்சியகச் சேகரத்தில் ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், இந்திய விலங்கியல் அளவைத் துறையும் இத்தகைய சேகரங்களை வைத்துள்ளன. நாளை யாராவது இனத்தின் பெயரில் ஐயம் எழுப்பினால் மீனை எடுத்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். மீன் இல்லாத வரிசை, கையெழுத்தில்லாத சாட்சியம்.

ஆய்வகத்தில்

திசுவைப் புரதம் கரைக்கும் நொதியில் ஊறவைத்து, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க ஆயத்தத் தொகுப்புகள் கிடைக்கின்றன. அடுத்து, வேண்டிய மரபணுவை மட்டும் பெருக்கும் பிசிஆர். பெருக்கலைத் தொடங்கிவைக்க, மரபணுவின் இரு முனைகளில் பொருந்தும் பிரைமர் என்ற சிறு துண்டுகள் வேண்டும். மீன்களின் சிஓ1 மரபணுவுக்கு ராபர்ட் வார்டும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட பிரைமர்கள் பரவலாகப் பயன்படுகின்றன. அவை சுமார் 655 எழுத்துகள் கொண்ட பகுதியைத் தரும்.

அவர்கள் கையாண்ட வெப்பச் சுழற்சி தொடக்கத்துக்கு ஏற்றது. முதலில் 95 டிகிரியில் 2 நிமிடம். பிறகு 35 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 94 டிகிரியில் அரை நிமிடம் டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும். 54 டிகிரியில் அரை நிமிடம் பிரைமர் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நிமிடம் நொதி புதிய இழையைக் கட்டும். கடைசியில் 72 டிகிரியில் 10 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் பிரதி இரட்டிப்பதால், கணக்குப்படி ஒரு பிரதி 35 சுற்றில் சுமார் 3,400 கோடி ஆகும். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், அதுவே போதும்.

ஒவ்வொரு தொகுதியிலும் டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாயை வைப்பது கட்டாயம். பிசிஆர் விளைபொருளை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது அந்தக் குழாய்க்குரிய இடத்திலும் பட்டை தெரிந்தால் எங்கோ மாசு கலந்திருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பிசிஆர் விளைபொருளைச் சேங்கர் முறை வரிசைப்படுத்தலுக்கு அனுப்பலாம். பிரெடெரிக் சேங்கர் 1977இல் வெளியிட்ட இம்முறை ஒற்றை மரபணு ஆய்வுக்கு இன்றும் நம்பகமானது. இரு திசையிலிருந்தும் படிக்கச் சொல்வது நல்லது. ஒரு திசையில் தெளிவற்ற எழுத்து மறுதிசையில் தெளியும்.

திருத்தலும் அடுக்கலும்

கைக்கு வரும் கோப்பு நான்கு நிற முகடுகளாகத் தெரியும். தொடக்கத்தின் 30 முதல் 50 எழுத்துகள் பெரும்பாலும் குழப்பமாக இருக்கும். அவற்றை வெட்டிவிட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தர எண் உண்டு. தரம் 20 என்றால் நூற்றில் ஒன்று பிழையாகலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இரு மீன்களை வேறுபடுத்தும் எழுத்து ஒவ்வொன்றையும் முகட்டில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரே ஓர் எழுத்துப் பிழை, இல்லாத ஒரு ஹாப்லோடைப்பை உண்டாக்கிவிடும்.

அடுத்து, வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒத்த இடத்துக்கு ஒத்த இடம் வரச் செய்ய வேண்டும். சிஓ1, என்டி5 போன்றவை புரதத்துக்கான மரபணுக்கள். ஆகவே மூன்று மூன்று எழுத்தாக அமினோ அமிலமாக மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா குறியீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக் குறியீட்டில் நிறுத்தக் குறியான டி-ஜி-ஏ இதில் டிரிப்டோஃபேன். ஏ-ஜி-ஏ, ஏ-ஜி-ஜி இரண்டும் நிறுத்தக் குறிகள். சரியான குறியீட்டில் படித்தும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால், எழுத்துப் பிழையோ, உட்கருவுக்குள் குடிபுகுந்து செயலிழந்த பழைய பிரதியோ கைக்கு வந்திருக்கிறது என்று பொருள். அந்த வரிசை ஆய்வில் சேராது.

அமினோ அமிலமாக மாற்றிப் பார்ப்பது இன்னொன்றையும் காட்டும். சி-டி-ஏ, சி-டி-ஜி இரண்டும் லியூசினையே தருகின்றன. மூன்றாம் எழுத்து மாறினாலும் புரதம் மாறாததால் அங்கே மாற்றங்கள் விரைவாகக் குவிகின்றன. அண்மைப் பிரிவுகளுக்கு மூன்றாம் எழுத்து நல்ல சான்று. மிகப் பழைய பிரிவுகளில் அதே இடம் பலமுறை மாறி, பழைய தடயத்தை அழித்துவிடும்.

தூரமும் மரமும்

இரண்டு வரிசைகளின் 655 இடங்களில் 13 வேறுபட்டால் வேறுபாடு 2 விழுக்காடு. 131 வேறுபட்டால் 20 விழுக்காடு. ஆனால் ஓர் இடம் இருமுறை மாறியிருந்தால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இந்த மறைந்த மாற்றங்களைக் கணக்கிலெடுக்கும் எளிய சூத்திரம் ஜூக்ஸும் கேன்டரும் 1969இல் தந்தது. அதன்படி 2 விழுக்காடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. 20 விழுக்காடோ 23.3 ஆகிறது. தூரம் கூடக் கூடத் திருத்தமும் கூடுகிறது. பார்கோடு ஆய்வுகளில் பெரிதும் வழங்குவது மோட்டோ கிமுரா 1980இல் தந்த சூத்திரம்.

வார்டின் ஆய்வு 207 மீன் இனங்களை, பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கடல் மீன்களை, ஒப்பிட்டது. ஒரே இனத்துக்குள் சராசரித் தூரம் 0.39 விழுக்காடு, ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்களுக்கிடையே 9.93 விழுக்காடு. இந்த இடைவெளிதான் பார்கோடு முறையை நம்பகமாக்குகிறது. ஆனால் இவை சராசரிகள். "2 விழுக்காட்டுக்கு மேல் போனால் புதிய இனம்" என்ற விதி எதுவும் இயற்கையில் இல்லை.

தூரங்களிலிருந்து உறவு மரம் வரையும் விரைவான முறை நருயா சைட்டோவும் மசதோஷி நேயும் 1987இல் தந்த அண்டை இணைப்பு முறை. அது முதல் பார்வைக்குப் போதும். முடிவான மரத்துக்குப் பெரும நிகழ்தகவு முறையோ பேயீசிய முறையோ வேண்டும். இவை ஒவ்வோர் எழுத்தின் மாற்றத்தையும் ஒரு கணித மாதிரியின்படி மதிப்பிட்டு, தரவுக்கு மிகவும் பொருந்தும் மரத்தைத் தேடும். மெகா, ஐக்யூ-ட்ரீ, மிஸ்டர்பேய்ஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு கிளையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஜோசஃப் ஃபெல்சென்ஸ்டைன் 1985இல் தந்த பூட்ஸ்ட்ராப் சோதனை வழிகாட்டும். தரவின் இடங்களைத் தற்செயலாக மீண்டும் மீண்டும் தேர்ந்து, ஆயிரம் மரங்கள் வரைந்து, அந்தக் கிளை எத்தனையில் வந்தது என்று எண்ணுவது அது. 70 விழுக்காட்டுக்குக் கீழான கிளையை முடிவாகக் கொள்ளக் கூடாது. பேயீசிய முறையில் கிளையின் நிகழ்தகவுக்கு 0.95 என்பது வழக்கமான எல்லை.

ஜுரு ஆய்வுக்குப் புறக்குழுவாகத் தோமான் என்ற சன்னா மைக்ரோபெல்டிஸை வைக்கலாம். சன்னா பேரினம் முழுவதையும் ஆராய்வதானால் ஆப்பிரிக்க விராலான பாராசன்னாவும், புயு எனப்படும் பனையேறிக் கெண்டையும் ஏற்றவை. ஒரே இனத்தின் கூட்டங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் மரத்தைவிட ஹாப்லோடைப் வலைப்படம் தெளிவானது. அதில் ஒவ்வொரு வட்டமும் ஒரு ஹாப்லோடைப். வட்டத்தின் அளவு அதைக் கொண்ட மீன்களின் எண்ணிக்கை. வட்டங்களை இணைக்கும் கோட்டில் உள்ள குறுக்குக் கீறல்கள் இடையிலான மாற்றங்கள்.

மரத்தைப் படித்தல்

மரத்தில் மேலும் கீழுமாக அடுத்தடுத்து நிற்பதால் இரண்டு மீன்கள் உறவாகிவிடா. எந்தக் கணுவிலும் கிளைகளைத் திருப்பிப் போடலாம், பொருள் மாறாது. பார்க்க வேண்டியது, எந்த இரண்டு கிளைகள் முதலில் ஒரே கணுவில் சேர்கின்றன என்பதே. மரத்தில் முதலில் பிரிந்த மீன் மூதாதை அன்று. இன்று உயிரோடிருக்கும் எல்லா மீனும் மூதாதையிடமிருந்து சமமான காலத் தூரத்தில்தான் இருக்கிறது.

மரம் இனங்களின் பெயரையே திருத்திய நிகழ்வுக்குத் தென்னிந்தியாவில் எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சிஸ் டே 1865இல் மலபார்ப் பகுதியிலிருந்து சன்னா டிப்லோகிராமா என்ற இனத்தை விவரித்தார். தென்கிழக்காசியத் தோமானோடு அது மிகவும் ஒத்திருந்ததால் பின்னர் இரண்டும் ஒன்றே என்று கொள்ளப்பட்டு, பெயர் மறைந்தது. 2011இல் வெளியான ஆய்வு, வால்துடுப்புக் கதிர், செதில், முள்ளெலும்பு ஆகியவற்றின் எண்ணிக்கையோடு 16எஸ், சிஓ1 வரிசைகளையும் ஒப்பிட்டு, இரண்டும் தனித்தனி இனங்கள் என்று நிறுவியது. பிரிவு 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே போகலாம் என்று வரிசைகள் காட்டின. 146 ஆண்டு ஐயம் தீர்ந்ததோடு, தீபகற்ப இந்தியாவுக்கே உரிய ஓர் இனத்தைக் காக்கும் பொறுப்பும் தெளிவாயிற்று. அளவையும் எண்ணிக்கையும் வரிசையும் ஒரே திசையில் சுட்டியதால்தான் அந்த முடிவுக்கு வலிமை.

காலம் கணித்தல்

மாற்றங்களின் எண்ணிக்கையைக் காலமாக்க ஒரு வேகம் வேண்டும். வேகத்தைப் புதைபடிவமோ, வயது தெரிந்த நிலவியல் நிகழ்வோ தர வேண்டும். இங்கே முடிவு அந்த ஒரு தேர்வைச் சார்ந்து தலைகீழாக மாறலாம். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் நெல்வயலில் கண்டெடுக்கப்பட்ட நிலத்தடி மீன் ஏனிக்மாசன்னா கோலம் 2019இல் விவரிக்கப்பட்டது. 2020இல் அதற்குத் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது. விரால் குடும்பத்திலிருந்து அது பிரிந்தது எப்போது என்ற கணக்கு, ஒரு புதைபடிவத்தை அளவாகக் கொண்டால் குறைந்தது 3.4 கோடி ஆண்டு, இன்னொன்றைக் கொண்டால் 10.9 கோடி ஆண்டு. ஆய்வாளர்கள் இரண்டையும் வெளியிட்டனர். காலக் கணக்கை வெளியிடும் சரியான முறை அதுவே: எந்த அளவுகோல் என்று சொல்லி, எல்லைகளோடு தருவது.

தவறு நேரும் இடங்கள்

முதலாவது, தரவகத்தின் பெயர்ப்பிழை. புதிய வரிசையை ஜென்பேங்க் தரவகத்தில் பிளாஸ்ட் தேடல் மூலம் ஒப்பிடுவது வழக்கம். 2017இல் விரால் குடும்பத்தின் சிஓ1 வரிசைகளைச் சரிபார்த்த ஆய்வு, ஜென்பேங்கில் இருந்தவற்றில் 16.3 விழுக்காடு தவறான இனப்பெயரில் பதிவாகியிருந்ததைக் கண்டது. ஆறில் ஒன்று என்ற அளவு இது. தேடலில் முதலில் வரும் பெயரை அப்படியே ஏற்காமல், சான்று மாதிரி உள்ள பதிவுகளை மட்டும் துணையாகக் கொள்ள வேண்டும். அதே ஆய்வு, பரவலான இனங்கள் சிலவற்றுக்குள் ஆழமான பிளவுகள் இருப்பதையும் காட்டியது. ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாவது, கலப்பினம். மலேசியச் சந்தையில் கெலி என்று விற்கும் கெளுத்தி மீன்களில் பல, ஆசியக் கெளுத்தியான கிளாரியஸ் மேக்ரோகெஃபாலஸ் தாய்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியான கிளாரியஸ் காரியெபினஸ் தந்தைக்கும் பிறந்தவை. அவற்றின் சிஓ1 வரிசை தாயின் இனத்தையே சொல்லும். தந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வளர்ப்பு மீன் கலந்திருக்கக்கூடிய எந்த ஆற்றிலும் உட்கரு மரபணு ஒன்றையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு மரங்களும் முரண்பட்டால் அது தோல்வியன்று. கலப்பையோ, மிக விரைந்த பிரிவையோ காட்டும் சான்று.

மூன்றாவது, மனிதர் கை. ஆற்றில் மீன் விடுவதும், குளம் உடைந்து தப்புவதும், சந்தை வழி இடம்பெயர்வதும் இயற்கைப் பரவலைப் போலவே மரத்தில் தெரியும். பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் உதவும். தொலைதூர ஹாப்லோடைப் ஒன்று சிறிதும் மாறாமல் அப்படியே இங்கே கிடைப்பதும், இடைப்பட்ட ஆறுகளில் அது இல்லாதிருப்பதும் அண்மையில் கொண்டுவரப்பட்டதைச் சுட்டும். பழைய பரவல் என்றால் வழிநெடுகத் தடயமும், புதிதாகச் சேர்ந்த ஓரிரு மாற்றங்களும் இருக்கும்.

முடிவை வெளியிடுதல்

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு வரிசையையும் ஜென்பேங்க் அல்லது போல்டு தரவகத்தில் பதிய வேண்டும். சான்று மாதிரியின் எண், பிடித்த இடம், நாள், இனத்தை அடையாளம் கண்ட விதம் ஆகியவை பதிவில் இருக்க வேண்டும். "மலேசியா" என்று மட்டும் எழுதிய பதிவு அடுத்த ஆய்வாளருக்கு உதவாது. "பினாங்கு, ஜுரு படுகை, செருக் தோக் கூன் ஓடை" என்பது உதவும். முகட்டுக் கோப்புகளையும், வரிசைகளை அடுக்கிய கோப்பையும் சேர்த்து வைப்பது நல்லது. முடிவின் சுருக்கத்தை மாநில மீன்வளத் துறைக்கும், மாதிரி எடுக்க உதவிய மீனவர்களுக்கும் அவர்கள் மொழியில் தர வேண்டும். ஜுரு ஓடைகளில் உள்ளூர் மரபுவழி இன்னும் எஞ்சியிருப்பது தெரிந்தால், அந்த ஆற்றில் எந்த மீனை விடலாம், எதை விடக் கூடாது என்பதை முடிவு செய்ய அவர்களுக்குத் தேவையான செய்தி அதுவே.